குறி போட்ட மரங்கள்

தாமல் ஏரிக்குள் வனத்துறை வளர்த்த கருவேலங்காட்டில் வக்கா என்னும் கொக்கினம் கூடு கட்டுவதை ஆராய்ச்சிக்காகப் பார்த்துவந்தேன். மரங்கள் முற்றி ஏலத்துக்கு வந்தபோது, கூடுள்ள மரங்களையாவது விட்டுவிடும்படி அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, நானே அவற்றுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன்.

வெட்ட வந்த மேஸ்திரி, பக்கத்து மரம் அவற்றின்மேல் சாயாதபடி கயிறு கட்டி இழுத்து வெட்டினார். கோடைக்குள் காடு முழுக்க லாரியில் போய்விட்டது. என் மரங்கள் மட்டும் வெட்டவெளியில் ஆளுக்கொரு பக்கமாக நின்றன. வக்கா தனிக்குடித்தனம் நடத்தாது. அடர்ந்த கிளைகளும் கூட்டமும் வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமா? வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனால் கேட்கும்போது, கொடுப்பார்கள் என்று தோன்றியதை மட்டும்தான் கேட்டேன்.

மழையில் ஏரி நிரம்பியது. பழைய கூடுகளில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அந்த வழியாகப் போன மேஸ்திரி பைக்கை நிறுத்திவிட்டுக் கரைமேல் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஏறி வந்தார்.

“நீங்க சொன்ன மரத்துல ஒரு கொம்பகூட ஒடிக்கலமா. ஏன் இன்னும் வரல?”

“இன்னும் நாள் இருக்குது மேஸ்திரி, வரும்” என்றேன்.

அவர் அதை நம்பி, பார்த்துவிட்டே போகலாம் என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.