இருக்கிற ஃபைலை இல்லை என்றது கம்ப்யூட்டர்

“…அதான் கண்ணெதிர்ல இருக்குதே சார்! ஃபோல்டரைத் திறந்தா முதல் ஆளா நிக்குது. அப்புறம் ஏன் இல்ல இல்லன்னே சொல்லிக்கினு இருக்குது?”

போன வாரம், விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு சுசீலா என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்க அரை நிமிடம். பதில் கண்டுபிடிக்க அரை நாள்!

சுசீலா சின்ன காஞ்சிபுரத்தில் டிசைன் சென்டர் நடத்துகிறார். பட்டுச் சேலை பார்டரில் அன்னமோ மயிலோ வர வேண்டுமென்றால், அந்த டிசைனை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, அவற்றைக் கோத்துத் தறியின் மேல் ஏற்ற வேண்டும். பலர் இன்னும் கையால்தான் குத்துகிறார்கள். சுசீலா மெஷின் வாங்கிவிட்டார். திரையில் வரைந்தால் போதும், மெஷின் குத்திவிடும்.

வரைகிற புரோகிராம் நான் ஜாவா மொழியில் எழுதியது. மெஷினை ஆட்டி வைப்பது, அதை விற்றவர்கள் சி மொழியில் எழுதிக் கொடுத்த ஒரு லைப்ரரி ஃபைல். என் புரோகிராம் அந்த ஃபைலைக் கூப்பிடும். அது மெஷினைக் கூப்பிடும். நாலு மாதமாக ஒழுங்காகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மட்டும் ‘அன்சாடிஸ்ஃபைட் லிங்க் எரர்’. லைப்ரரி ஃபைலின் பெயரைப் போட்டு, பக்கத்திலேயே ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஃபைல் இருக்கிறது. இல்லை என்கிறது. யாரை நம்புவது?

சென்டரில் எங்களுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். செவிலிமேட்டில் ஆறு தறி வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் குத்திய அட்டையை இதுவரை தறியில் ஏற்றாதவர். சுசீலா மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி, ‘சரி, ஒரு தறிக்குப் பார்க்கலாம்’ என்று வந்திருக்கிறார். அன்று விளக்கு வைப்பதற்குள் புது டிசைனில் தறி ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடிவிட்டால் மற்ற ஐந்து தறியும் சுசீலாவிடம் வரும்.

“ரெண்டு மணி வரைக்கும் பாக்கறேன்மா. மெஷின் ஓடலைன்னா வீட்ல பழைய அட்டைக் கட்டு இருக்குது, அதையே ஏத்திக்கிறேன். உன் மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா மறுபடி இந்தப் பக்கம் வர மாட்டேன்.”

கோபமில்லாமல் சொல்கிறவர்களிடம்தான் எனக்கு பயம் அதிகம். உங்களுக்கு?

ஜாவா எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது என்று பார்த்தேன். சரியான இடத்தில்தான் தேடுகிறது. ஃபைலின் முழு விலாசத்தையும் கொடுத்துக் கூப்பிட்டேன். அதே வரி. ஜாவாவையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வரி. கம்ப்யூட்டரை மூன்று முறை நிறுத்திக் கிளப்பினேன்.

“இன்னா சார், அணைச்சு அணைச்சு ஏத்தறீங்க? ஸ்டவ்வா அது?” என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். மணி பன்னிரண்டரை.

நான் எந்த வகுப்பிலும் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. கெட்டுப் போனதோடு மல்லுக்கட்டித்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எழுந்திருப்பதாக இல்லை. சுசீலா என்னைவிடப் பிடிவாதம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

“சார், கல்யாணத்துக்குக் கூப்பிட்டா சில பேர் வூட்டுக்காரர் இல்லாம வர மாட்டாங்க. இதுவும் அந்த மாதிரி யாருக்காவது காத்துக்கினு இருக்குதோ என்னமோ?”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு லைப்ரரி ஃபைல் தன் வேலைக்கு வேறு சில ஃபைல்களைக் கூட்டு சேர்த்துக்கொள்ளும். அதில் ஒன்று இல்லாவிட்டாலும் இதுவும் வராது. ஆனால் எரரில் விழுவது இதன் பெயர்! வகுப்புக்கு வராதவனுக்கு விழ வேண்டிய திட்டு, ஒழுங்காக வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு விழுமே… அதே கதைதான். நாம் மட்டும் என்ன? எதிரில் நிற்பவரைத்தானே பிடித்துக்கொள்கிறோம்?

ஃபைல் யார் யாரைக் கூப்பிடுகிறது என்று பட்டியல் போடும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஏழு பெயர். ஆறு இருந்தன. ஏழாவது சிவப்பில்.

பெயரை உரக்கப் படித்தேன். சுசீலாவின் முகம் மாறிவிட்டது.

“ஐயோ… முந்தாநாள் ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் தொடைச்சேன் சார். மெஷின், மேஜை, அலமாரி… கம்ப்யூட்டர் உள்ளயும் சுத்தம் பண்ணிடலாமேன்னு ரொம்ப நாளா யாரும் தொடாத ஃபைலா பாத்து எடுத்துட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.”

பூஜை நாளில் மெஷின் ஓடவில்லை. அதனால் தெரியவில்லை. சரி, மெஷினோடு வந்த சி.டி. எங்கே?

இருந்தது. பூஜையில் வைத்தபடியே, சந்தனமும் குங்குமமும் வைத்து. எந்தப் பக்கம்? படிக்கிற பக்கம்!

“பளபளன்னு இருக்கற பக்கம்தானே சார் மூஞ்சி?”

ஈரத் துணியால் துடைத்தோம். டிரைவ் கரகரவென்று சுற்றி, முடியாது என்றது. மறுபடி துடைத்தோம். மறுபடி முடியாது. மூன்றாவது முறை படித்துவிட்டது. ஃபைலை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். புரோகிராமை ஓட்டினேன்.

டக். மெஷின் ஒரு ஓட்டை போட்டது. மணி ஒன்றே முக்கால்.

வாசலில் ஏகாம்பரம். “சத்தம் கேக்குதே! இன்னாமா கோளாறு? சொல்லு. நாளைக்கு என் தறி நடுவுல நின்னுச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?”

“ஒண்ணுமில்லீங்க, கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன…” என்று நான் இழுத்தேன். பழியைப் போட்டால் மறுத்துப் பேசாத ஜீவன் அது ஒன்றுதானே?

சுசீலா என்னை முடிக்க விடவில்லை.

“கம்ப்யூட்டர் மேல தப்பில்லீங்க ஐயா. பூஜைக்குச் சுத்தம் பண்றேன்னு நான்தான் ஒரு ஃபைலை அழிச்சிட்டேன். சார் கண்டுபிடிச்சாரு. தறி நின்னுச்சுன்னா என்னையே கேளுங்க.”

ஏகாம்பரம் சுசீலாவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஸ்டூலை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்படியே பேசிக்கினு இருந்தா விளக்கு வெக்கற நேரம் வந்துடும்மா.”

சுசீலா முதல் அட்டையை எடுத்து மெஷினில் செருகினார்.