வேலிக்கு அங்கால் போட்ட விளம்பரம்

காணி விளம்பரப் பாக்கி அறவிடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தரகரைக் கேட்டால், விற்றவர் தருவார் என்பார். விற்றவரைக் கேட்டால், தரகரிடம் கொடுத்தாயிற்று என்பார். இரண்டும் பொய். பதினெட்டு வருடமாக ஸ்கூட்டரில் இந்தப் பொய்களுக்குப் பின்னால் ஓடுகிறேன். ஒரேயொரு தடவைதான் என் கணக்குப் பிழைத்தது. அது அச்சுவேலியில்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். தரகர் இல்லாமல் தானே போன் பண்ணி, எங்கள் பத்திரிகையில் கிழமைக்கு ஒன்றாக நாலு விளம்பரம் போட்டார். அதிபர் என்ற மரியாதைக்குக் கடனுக்கு விட்டவள் நான். "இந்த மாசம் காசு வராட்டி உம்மடை சம்பளத்திலைதான் வெட்டுவன்" என்றார் மனேஜர்.

அதிபர் என்னைக் கேற்றடியிலேயே நிறுத்தினார்.

"வீடு வித்தாச்சாம். காசு எங்கை சேர்?"

"உங்கடை பேப்பரைப் பாத்து ஒரு காகமும் வரேல்லை, பிள்ளை. பக்கத்து வளவுக்காரிதான் வாங்கினவ. அவவுக்கு என்னத்துக்கு விளம்பரம்?"

"அப்ப வேலியாலை கூப்பிட்டே வித்திருக்கலாமே! ஏன் நாலு தரம் என்ரை உயிரை எடுத்தனீங்கள்?"

"ஒரு சதமும் தரேலாது. போயிட்டு வாரும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பேப்பரைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று அந்தப் பெண்ணின் வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்று பக்கத்துப் படலையைத் தட்டினேன்.

அறுபது வயது இருக்கும். அதிபரின் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டால் குனிந்து வந்தார்.

"அக்கா, உந்த வீடு விலைக்கு வந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

உள்ளே போய் ஒரு பைலைக் கொண்டுவந்தார். எங்கள் நாலு விளம்பரமும் வெட்டி ஒட்டியிருந்தன.

"பேப்பரிலைதான் பாத்தனான். அண்ணை என்னோடை கதைச்சுப் பதினொரு வருஷம்."

"அண்ணையோ?"

"ஓம், கூடப்பிறந்தவர். எல்லைப் பிரச்சினை. ரெண்டு பேருக்கும் வாய் கூட."

நாலையும் வரிசையாக வாசித்தேன். எண்பது லட்சம். எழுபது. அறுபது. ஐம்பது. ஒவ்வொன்றின் கீழும், 'கிணற்றில் அயலவரின் பங்கு மாறாது.' அந்த வரியைக் கண்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று போனில் நானே அவருக்குச் சொல்லியிருந்தேன். "போடும்" என்று மட்டும் சொன்னார். அப்படியும் கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு விற்றாயிற்று என்றாராம் அதிபர். மறுகிழமை அதே வீடு விலை குறைந்து வந்தது. அந்த மனிதர் ஆபீசுக்குப் போன் பண்ணி என்னைத் திட்டினார்.

"என்ரை மகன் அனுப்பினது ஐம்பதுதான். அது அண்ணைக்குத் தெரியாது. அவர் விலையை இறக்கிக்கொண்டு வந்தார். நான் பாத்துக்கொண்டிருந்தன். ஐம்பதெண்டு வந்த அண்டைக்கு உறுதி எழுதுற நொத்தாரிசை அனுப்பினன்."

நான் அந்தத் தகரவேலியைப் பார்த்தபடி நின்றேன். முப்பது லட்சம் விட்டுக்கொடுக்கிற மனிதருக்கு ஒரு சொல் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்தச் சொல்லை என்னிடம் தந்துதான் தங்கச்சிக்கு அச்சில் அனுப்பியிருக்கிறார். நான் சொல் எண்ணிக் கட்டணம் போட்டிருக்கிறேன்.

"உந்தக் காசை நான் தாறன்" என்று அக்கா பேர்சைத் திறந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டுத் திரும்பவும் அதிபரின் கேற்றுக்குப் போனேன்.

"தங்கச்சி கட்டுறன் எண்டவ, சேர். ரசீதை அவவின்ரை பேரிலை எழுதட்டோ?"

"என்ரை விளம்பரத்துக்கு அவ ஆர் காசு குடுக்க?"

உள்ளே போனவர் முழுக்காசோடும் வந்தார். ரசீதை மடித்துக்கொண்டே, "வேறை என்னவும் சொன்னவவோ?" என்று கேட்டார்.

"பொட்டு திறந்துதான் கிடக்குது, சேர். போய்க் கேளுங்கோ."

அவர் போகவில்லை. அடுத்த கிழமை போன் பண்ணினார். ஐந்தாவது விளம்பரம்: 'கொழும்பில் மகளுடன் வசிக்கச் செல்கிறேன். வெள்ளி காலை எட்டு மணி பஸ்.'

"ஆருக்கு சேர் இந்த விளம்பரம்?" என்று நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் இந்த வேலையில் நான் படித்தது. பில்லும் எழுதவில்லை. மனேஜர் என் சம்பளத்தில் வெட்டினார். வெட்டட்டும்.