பதின்மூவரில் ஓரிடம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், ஒடாஹுஹு என்னும் புறநகரில் குடியிருந்தோம். என் இளைய மகன் ரக்பி லீக் கழகமொன்றின் முதலணியில் அவ்வாண்டுதான் சேர்க்கப்பட்டிருந்தான். வயது பத்தொன்பது, உருவத்தில் பதினைந்து. பந்தை மார்போடு அணைத்தபடி எதிரணியின் வரிசைக்குள் புகுந்து ஓடுவது அவன் வேலை. அவ்வரிசையில் நிற்பவர்களின் புயம் அவன் தொடையளவு இருக்கும். ஆட்டம் தொடங்கும்போதே களமிறங்கும் பதின்மூவரில் தானும் ஒருவனாக வேண்டும் என்பதன்றி அவனுக்கு அந்நாளில் வேறு எண்ணமில்லை. ஆனால் கிழமைதோறும் அவனுக்கு வாய்த்தது மாற்றாட்டக்காரர் அமரும் ஓரத்து வாங்குதான். முடிய இருபது நிமிடம் இருக்கையில் இறக்குவார்கள்.

அவன் முகவாட்டம் பொறுக்காமல் சாதகத்தை எடுத்துப் பார்த்தேன். அட்டமத்துச் சனி. அந்த இடம் கிடைக்கும்வரை சனிக்கிழமைதோறும் அவன் உபவாசமிருந்து, மாலையில் எள்ளெண்ணெய் எரித்த பின்னரே உண்பான் என்று நேர்த்தி வைத்தேன். அவனைக் கேட்கவில்லை, அறிவித்தேன். "ஓம் அப்பா" என்று தலையாட்டினான். ஆட்டங்கள் சனிக்கிழமைப் பிற்பகலில் நடப்பவை என்பதை நான் அறியாதவனல்லன். உடல் ஒடுங்க அருள் பெருகும் என்றே நம்பினேன்.

ஏழாம் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வேலியோரம் என்னிடம் வந்தார். சமோவாக்காரர், மலைபோன்ற உடம்பு, தணிந்த குரல். செவ்வாயும் வியாழனும் பயிற்சியில் உங்கள் மகனை எவராலும் பிடிக்க முடிவதில்லை, சனிக்கிழமை மட்டும் வேறொருவன் வந்து நிற்கிறான், இறங்கி ஐந்து நிமிடத்தில் கால் தளர்ந்துவிடுகிறது என்றார். அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இறக்கிப் பார்ப்பாராம். அன்றும் இப்படியென்றால் கீழணிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லையாம். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உணவுக்கு ஏதும் சிரமமோ என்று தயங்கிக் கேட்டார்.

இல்லை என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும், நாள்தோறும் பாடும் தேவாரப் பதிகத்தைப் பாதியிலேயே நிறுத்தினேன். அடியாரின் பசி பொறாது வீடு வீடாய்ச் சோறு இரந்தவன் என்று விடியல்தோறும் இறைவனைப் போற்றிய அதே வாயால் அல்லவா பெற்ற பிள்ளைக்குப் பசியை நேர்ந்திருந்தேன்?

சனிக்கிழமை காலை மனைவியிடம் புட்டு அவிக்கச் சொல்லி, தட்டை நானே அவன்முன் வைத்தேன்.

"நேர்த்தியை நான் ஏற்கிறன். நீ சாப்பிடு."

அவன் தொடவில்லை. "இடம் இன்னும் கிடைக்கேல்லையே. பாதியில விட்டால் சாமி குறை பிடிக்காதோ?"

"பிடிச்சால் என்னைப் பிடிக்கட்டும்."

"அப்ப ஏழு கிழமையும் நான் பட்டினி கிடந்தது ஆருக்கு, அப்பா?"

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பாமலே, "பிள்ளை கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோவன்" என்றாள்.

தட்டை அவன் பக்கம் இன்னும் நகர்த்தினேன். அவன் தலை நிமிராமல் உண்டான்.

அன்று இரண்டு முறை அவனைத் தூக்கி எறிந்தார்கள். இரண்டு முறையும் எழுந்தான். முடிவு விசில் ஊதும்வரை ஓடிக்கொண்டேயிருந்தான். வேலியைப் பற்றியபடி வெறும் வயிற்றோடு நின்ற எனக்கு, அந்தக் கால்களை அத்தனை வாரம் கட்டிவைத்திருந்த கயிறு கண்ணுக்குத் தெரிவதுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை கழகத்தில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் பதின்மூவரில் இருந்தது.

நேர்த்தியை நிறைவுசெய்ய அடுத்த சனிக்கிழமை காலை எள்ளெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தேன். மாலையில் ஒருமுறை வந்து எரித்துவிட்டுப் போ என்று கேட்கவே அவன் அறைப்பக்கம் நடந்தேன். அவன் அங்கில்லை. சனிக்கிழமைகளில் மீன், இறைச்சி என மச்சம் எதுவும் புழங்காத எங்கள் அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். மனைவி எழுந்து யன்னலைத் திறந்துவிட்டாள். மாலையில் நானே எரிப்பதென்று போத்தலோடு சாமியறைக்குத் திரும்பினேன்.