தை மாதத்தில் வராதீர்கள்

கனடாவுக்கு விசிட்டர் விசா கிடைத்தவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் கோல் எடுப்பார்கள். இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று தெரியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன் என்பதால் இருக்கலாம். மற்றவர்கள் "வாங்கோ, வந்தாப் பிறகு பாப்பம்" என்பார்கள். நான் எடுத்த எடுப்பிலேயே தை மாதத்தில் வராதீர்கள் என்பேன்.

அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெயில் எறிக்கிறதென்று நம்பி வெளியே இறங்க வேண்டாம். இங்கே வானம் வெளித்திருக்கும் நாளில்தான் குளிர் கூட. முதலில் காதை மூடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஐஸில் நடக்கும்போது கையை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் விடாதீர்கள், சறுக்கினால் ஊன்றுவதற்குக் கை வேண்டும். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டதென்று போத்தலை எறியாதீர்கள். எட்மன்டனில் இருக்கும் மச்சானை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற நினைப்பை இப்போதே விடுங்கள். அது இன்னொரு பிளேன், இன்னொரு நேரம், இன்னொரு குளிர். அவ்வளவு ஏன், ஸ்காபரோ வெக்ஸ்போர்ட்டில் என் அப்பார்ட்மென்டிலிருந்து விட்பியில் எனக்கு மகன் முறையான பெறாமகன் வீட்டுக்குப் போய்வருவதற்கே, ஸ்னோ கொட்டினால் ஒரு பின்னேரமே போய்விடும். இந்த நாட்டில் யாராவது "பக்கத்திலைதான்" என்றால் நம்பாதீர்கள், காரில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

எல்லோரும் "ஓம், ஓம்" என்று கேட்பார்கள். பிறகு தங்கள் எண்ணப்படி வந்து, மூக்கால் ஓட ஓடத் திரும்பிப் போவார்கள். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கடைப்பிடித்தவர் ஒரே ஒருவர். அவர் என் அண்ணை.

அண்ணை ஊரிலேயே இருந்துவிட்டவர். அம்மா என்னோடு இங்கே வந்து கனகாலம். அண்ணை விசாவுக்குப் போடுவதும் விசா ஒஃபிஸ் இல்லையென்று திருப்பி அனுப்புவதுமாக வருடங்கள் போய்விட்டன. அம்மாவுக்கு இதற்கிடையில் மறதி வந்து, முற்றி, என்னால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்தது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். வேலை முடிந்து நேரே அங்கே போவேன். சோறு தீத்துவேன், சீப்பால் தலை இழுத்துவிடுவேன், நகம் வெட்டுவேன். அம்மாவுக்கு நான் யாரென்று தெரியாது. "அம்மா" என்று கூப்பிட்டால் பதறுவார், "நான் உம்மடை அம்மா இல்லைப் பிள்ளை" என்று அழப் பார்ப்பார். அதனால் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளைப் போல நானும் மாமியைக் கூப்பிடுவதுபோல் "அன்ரி" என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. அண்ணைக்கும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணைக்கு விசா வந்தது. மார்கழி பிறந்திருந்தது.

"அண்ணை, ஆனியிலை வாங்கோ. உந்தக் குளிர் உங்களாலை தாங்கேலாது" என்றேன்.

"ஆனியிலை அம்மா என்னை அடையாளம் பிடிப்பாவோ?"

"இப்பவே ஒருத்தரையும் பிடிக்கிறா இல்லை."

"என்னைப் பிடிப்பா. நான் தையிலையே வாறன்."

எனக்கு எரிச்சல் வந்தது. பக்கத்தில் நிற்கிற என்னைத் தெரியாதாம், கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற இவரைத் தெரியுமாம். ஆனால் வாதாடிப் பயனில்லை, அண்ணை பிடித்த பிடி விடாதவர். ஆகவே என் பாடத்தை ஆரம்பித்தேன். உடுப்பை அடுக்கடுக்காகப் போட வேண்டும், உடம்போடு ஒட்டி ஒன்று, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒன்று. தலைக்கும் காதுக்கும் சேர்த்துத் தொப்பி. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "தடிமன் பிடிச்சு மூக்கு ஓடிச்சுதெண்டா அம்மாவைப் பாக்க உள்ளை விடமாட்டாங்கள்" என்று நான் சொன்னதுதான் அவருக்கு நன்றாக உறைத்தது.

ஏர்போர்ட்டில் அவரை நானே அடையாளம் பிடிக்கவில்லை. கண் இரண்டும் மட்டும் தெரியும் கம்பளித் தொப்பியோடு ஒரு பருத்த ஆள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. அண்ணை மெலிந்த மனிதர். பெட்டி இரண்டும் வெடிக்கிற மாதிரி இருந்தன. கூட்டிக்கொண்டு வந்து திறந்து பார்த்தால் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, எந்தெந்த வீட்டுக்கு எது என்று கட்டிய பைகள்.

"அண்ணை, உங்கடை உடுப்புகள் எங்கை?"

"போட்டிருக்கிறன்" என்றார்.

உண்மைதான். பெட்டியில் இடமில்லாததால் கொண்டுவந்த உடுப்பு முழுவதையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு பறந்து வந்திருக்கிறார். இது போதாதென்று பெறாமகன் விட்பியிலிருந்து தன் பழைய விண்டர் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அவன் ஆறடி. அதைப் போட்டபோது அண்ணையின் கைவிரல்கள் கூட வெளியே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை நான் தேத்தண்ணி போடுவதற்கு முன்பே அண்ணை வெளிக்கிட்டு, தொப்பியும் கையுறையுமாக சோபாவில் உட்கார்ந்திருந்தார். களைப்பாறிவிட்டுப் பின்னேரம் போவோம் என்றதைக் கேட்கவில்லை. வெளியே நல்ல வெயில். பஸ் தரிப்பில் நின்றபோது காற்று ஒரு பக்கத்தால் வந்து அறைந்தது. உப்புத் தூவிய நடைபாதை வெளிறிப் போய்க் கிடந்தது. அண்ணை காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "உது குளிரில்லைப் பிள்ளை, உது வேறை என்னவோ" என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. கையை மட்டும் பொக்கற்றுக்குள் விடவில்லை. சொன்னது சொன்னபடி.

இல்லத்துக்குள் எப்போதும் சூடு அதிகம். வயதானவர்களுக்கென்று ஹீட்டரைக் கூட்டியே வைத்திருப்பார்கள். அம்மாவின் அறை வாசலில் அண்ணை குனிந்து, பூட்ஸ் இரண்டையும் கழற்றி, சுவரோரம் ஒழுங்காக வைத்தார். பிறகு கோயிலுக்குள் போவதுபோல் காலுறையோடு உள்ளே போனார். ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா ஜன்னலருகே கதிரையில் இருந்தார். அண்ணை அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா" என்றார்.

அம்மா ஏறிட்டுப் பார்த்தார். முகம் மாறியது. கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஆர் உது? உவரைப் போகச் சொல்லும்."

அண்ணை இன்னொரு முறை "அம்மா, நான்தான்" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தொப்பிக்குள் தெரிந்த அந்த இரண்டு கண்களையும் நான் பார்க்க விரும்பவில்லை. இத்தனை வருடம் விசாவுக்குப் போட்டது இதற்குத்தானா என்று நினைத்தேன். நான் அப்போதே சொன்னேன்தானே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எத்தனை பேருக்கு எத்தனை புத்திமதி சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே இருப்பவர்களுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவோம், வேறு எதைக் கழற்றுவது?

"அண்ணை, உதுகளைக் கழட்டுங்கோ."

"தடிமன் பிடிக்குமெண்டு நீதானே சொன்னனி."

"இப்ப சொல்லுறன், கழட்டுங்கோ."

ஜாக்கெட் சிப் இறுகியிருந்தது, இழுத்துத் திறந்தேன். அதற்குக் கீழே ஒரு ஸ்வெட்டர். அதற்குக் கீழே இன்னொன்று, பிறகு ஒரு சேட்டு, அதற்குள் மற்றச் சேட்டு. கட்டிலில் குவியல் உயர்ந்துகொண்டு போனது. உரிக்க உரிக்க அண்ணை சிறுத்துக்கொண்டு வந்தார். அம்மா கண்ணைத் திறந்து, கடையில் துணி விரிப்பதைப் பார்ப்பவரைப் போல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் தொப்பியை இழுத்தேன். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகத்தால் வேர்வை வழிந்தது. கடைசிச் சேட்டு முதுகோடு ஒட்டிப்போய், கழுத்தடி எல்லாம் ஈரம்.

அம்மா கையை நீட்டினார். அண்ணை முன்னால் குனிந்தார். அம்மா தன் கார்டிகன் கையால் அவருடைய நெற்றியைத் துடைத்தார், பிறகு கழுத்தை.

"உந்த வெயிலுக்குள்ளையே சைக்கிளிலை வந்தனி?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே கார்கள் மேல் ஸ்னோ இறுகிக் கிடந்தது. அண்ணை ஒரு கணம் யோசிக்கவில்லை.

"ஓம் அம்மா. எதிர்க்காத்து வேறை" என்றார்.

"கொஞ்சம் வெயில் தாழ வந்திருக்கலாம்தானே, ராசா."

அண்ணை நிலத்தில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் அழுதாரா, மூச்சு வாங்கினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. பொறாமையும் வந்தது. தினமும் ஜாக்கெட்டை வாசலில் கழற்றிக் கொழுவிவிட்டு, கையைக் கழுவி, வேர்க்காமல் விறுவிறுக்காமல் வந்து நிற்கிறவள் நான்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியாட்களுக்குக் கொடுக்கும் மரியாதையான சிரிப்பு.

"பிள்ளை, குறை நினையாதையும். இவன் என்ரை மகன். களைச்சு விழுந்து வந்திருக்கிறான். கொஞ்சம் தண்ணி கொண்டுவந்து குடுப்பீரே?"

"ஓம் அன்ரி" என்றேன்.

அண்ணை மடியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவருடைய ஜாக்கெட்டை எடுத்துக் கொழுவிவிட்டு, ஐஸ் போடாத தண்ணீர் எடுக்கப் போனேன்.