பொட்டு வைத்த பச்சைப் பட்டன்

கொடைக்கானலில் ஏரி இருக்கிறது, குதிரை இருக்கிறது, வீட்டில் செய்த சாக்லேட் என்று சத்தியம் செய்து விற்கிற கடைகள் இருக்கின்றன. இல்லாதது கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டுகிற சி.என்.சி. மெஷின் ஒன்றுதான் என்று சுவாமிநாதனுக்கு 2006-ல் தோன்றியது. கோயமுத்தூரில் இந்த மெஷினுக்கு ஏசி போடுகிறார்களாம். இங்கே ஆண்டவனே ஏசி போட்டு வைத்திருக்கிறானே, அதை வீணாக்கலாமா? வில்பட்டி ரோட்டில் ஏற்கெனவே இரண்டு லேத்து வைத்திருந்த மனுசர், வத்தலக்குண்டு வழியாக லாரியில் ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தார். வளைவுகளில் லாரி திரும்பவேண்டுமே என்று பார்த்துப் பார்த்துச் சின்னதாக வாங்கியிருந்தார். பனி மூட்டம் உள்ளே வந்து மெஷினின் கரண்டுப் பெட்டிக்குள் ஈரம் கோத்ததும், காலையில் மெஷின் சூடாகும்வரை அளவு சரியாக வராததும் பிறகு தெரிந்த சங்கதிகள். ஆண்டவன் ஏசிக்கு ரிமோட் கொடுக்கவில்லை.

அந்த மெஷினை ஓட்ட வந்தவள்தான் சத்தியபிரியா. அப்பா சிவராமன் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். பூண்டுக் காட்டில் கூலிவேலை செய்து மகளைத் திண்டுக்கல்லில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தார். வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "பொம்பளைங்க குழாயில வரிசையில நிக்காம தண்ணி குடிக்கலாம்" என்பாள். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு இரும்பு மேடைகள். பேலட் என்பார்கள். ஒன்று உள்ளே போய் வெட்டு வாங்கும்போது மற்றொன்று வெளியே நிற்கும். வெளியே நிற்பதில் சத்தியபிரியா அலுமினிய மூடிகளை வரிசையாக வைத்து இறுக்கிவிட்டு, 'ரெடி' என்ற பச்சைப் பட்டனை அமுக்குவாள். உள்ளே வேலை முடிந்ததும் கதவு தானே திறந்து, மேடைகள் அரைவட்டம் சுற்றி இடம் மாறிக்கொள்ளும். மெஷின் நிற்கவே நிற்காது. அதனால் அவளும் உட்காரவே முடியாது.

சேரும்போது அவள் கேட்டது ஆப்பரேட்டர் வேலை. சுவாமிநாதன் கொடுத்தது ஹெல்பர் வேலை. அவருடைய நியாயம் அபாரமானது.

"இது ஆட்டோமேட்டிக் மெஷின்மா. அதுவே ஆப்பரேட் பண்ணிக்குது. அப்ப பக்கத்துல நிக்கிற நீ யாரு? ஹெல்பர்தானே?"

புரோகிராம் போடுவது அவள், டூல் மாற்றுவது அவள், அளவு பார்ப்பதும் அவள். ஆனாலும் ஹெல்பர். டீ வாங்கி வர, முதலாளியின் காரைத் துடைக்க, விருந்தாளி வந்தால் நாற்காலி போட, எல்லாவற்றுக்கும் அவள்தான். எட்டு மாதமாக, "பாக்கலாம், பாக்கலாம்" என்று ஓட்டினார். ஆப்பரேட்டர் என்று பெயர் வந்தால்தான் நாளைக்கு வேறு எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்க முடியும். ஹெல்பர் என்று போனால் திருப்பூரில் பனியன் மடிக்கத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அதே வார்த்தைக்கு இன்னொருவரும் காத்திருந்தார். லேத்தில் வேலை பார்க்கும் ஆண்டிச்சாமி. பூம்பாறைப் பக்கத்துக்காரர். 'நேத்து வந்த புள்ள' புது மெஷினில் நிற்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அவள் சாப்பிடப் போகிற நேரம் மெஷினைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தார். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது. கூடவே அவசர ஆர்டரும் வந்தது. பூஜை போட்ட கருவியை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்பது வழக்கம். சரக்கு விஜயதசமிக்குள் போயாகவேண்டும் என்பது கஸ்டமர். சுவாமிநாதன் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேலட் எதுக்கு இருக்கு? உள்ள இருக்கிறது ஆர்டருக்கு, வெளிய இருக்கிறது அம்பாளுக்கு."

என்ன மூளை. சரஸ்வதிக்கே ஷிப்ட் போட்ட ஒரே மனுசர் இவராகத்தான் இருக்கும்.

"சார், மெயினை அணைச்சிட்டுப் பூஜையைப் போடலாம்," என்றாள் சத்தியபிரியா.

"ஹெல்பர் ஹெல்பர் வேலையைப் பாரு. கார்ல பூப்பை கெடக்கு, வெரசா எடுத்துட்டு வா."

வெளி மேடையில் வாழையிலை விரித்துத் தேங்காய், பழம், பொரி, சுண்டல், கும்பம் எல்லாம் வைத்தாயிற்று. முதலாளி சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். கதவுக்கு ஒரு பொட்டு, விளக்குக்கு ஒரு பொட்டு. பட்டன்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா? குளிரில் சந்தனம் ஒட்டமாட்டேன் என்றது. கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். பச்சைப் பட்டனில் விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, அம்பாள் ஏத்துக்கிட்டா," என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூப்பையோடு வாசலில் வந்து நின்ற சத்தியபிரியா அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள். கத்தினாள். பூஜைக்கு வந்த குருக்கள் மணியடித்துக்கொண்டிருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே வேலை முடிந்தது, கதவு திறந்தது, மேடைகள் சுற்றின. அலுமினிய மூடிகள் வெளியே வந்தன, கும்பமும் தேங்காயும் வாழைப்பழமும் உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது. பூப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் சிவப்புப் பட்டனை அடிப்பதற்குள் கட்டர் கும்பத்தைப் பிடித்துவிட்டது. பித்தளையும் தேங்காயும் சேர்ந்து போட்ட சத்தத்தில் குருக்கள் தெருவுக்குப் போய்விட்டார். பொரி, வெட்டும் சூட்டைத் தணிக்கிற கூலண்டில் ஊறி, ஒரு வாரம் அந்தப் பட்டறையில் பிரசாத வாசனை அடித்தது. கட்டரைப் பிடித்துச் சுழற்றுகிற ஸ்பிண்டில் கோணிப்போயிற்று.

மெஷினுக்கு வாரண்டி இருந்தது. ஆப்பரேட்டர் கைத்தவறு என்றால் முதல் வருடம் கம்பெனியே சரிசெய்து தரும். முதலாளி தேங்காய் வைத்து அமுக்கினார் என்றால் தராது. ஆகவே சுவாமிநாதன் சத்தியபிரியாவைத் தனியே கூப்பிட்டார்.

"பட்டனை நீதானே அடிச்சே? எல்லாரும் பாத்தாங்கல்ல?"

"நான் அடிச்சது செவப்பு, சார்."

"ஏதோ ஒரு பட்டன். பச்சையையும் நீதான் அமுக்கினேன்னு சொல்லிரு. அன்னைக்கே உன்னைய ஆப்பரேட்டரா போட்டுர்றேன்."

வீட்டில் வந்து சொன்னாள். சிவராமன் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

"சொல்லிடு புள்ள. ஏலாதுன்னு சொல்லிட்டு நாம எங்கிட்டுப் போறது? அங்கயிருந்து போன்னாங்க, வந்தோம். இங்கயிருந்தும் போன்னா எந்தக் கப்பல்ல ஏறுறது?"

அவளுக்கு அழுகை வந்தது. அப்பாமேல் கோபமும் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் கோபம்.

மறுநாள் கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் நாச்சிமுத்து வந்தார். மெஷினைத் திறந்து ஒரு சுண்டலை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு ஓட்டினது? ஆப்பரேட்டரா, ஹெல்பரா? ஹெல்பர் தொட்டிருந்தா வாரண்டி கிடையாது," என்றார்.

"ஆப்பரேட்டர்தாங்க. சத்தியபிரியா, டிப்ளமோ. எட்டு மாசமா நம்ம ஆப்பரேட்டர்," என்றார் சுவாமிநாதன். எட்டு மாதமாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மேல தேங்காய் இருக்கும்போது ரெடி அமுக்கினது நீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"சார், தேங்காயை வச்சுக்கிட்டு ரெடி அமுக்குறவ ஆப்பரேட்டர் இல்லீங்க. நான் ஆப்பரேட்டர்னா, நான் அமுக்கல. நான் அமுக்கினேன்னா, நான் ஆப்பரேட்டர் இல்ல. ரெண்டுல எதுன்னு முதலாளியே சொல்லட்டும்."

நாச்சிமுத்து பச்சைப் பட்டனைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து அகலமான கட்டைவிரல் ரேகையோடு இருந்தது. பிறகு சுவாமிநாதனின் கையைப் பார்த்தார். செலவு உங்களுடையது என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்து ஸ்பிண்டில் மாற்றி அவர் மலை இறங்கியதும், சுவாமிநாதன் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நீ நாளைக்கு வர வேண்டாம்," என்றார் சத்தியபிரியாவிடம். "ஆண்டிச்சாமி, இனிமே நீதான்ப்பா ஆப்பரேட்டர். மெஷினைப் போடு."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆண்டிச்சாமி மெஷின் பக்கம் போனார். மேடையைப் பார்த்தார், பட்டன்களைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நீதானே ஓட்டுவே?"

"மறந்துருச்சுங்க."

"ஒரு வாரத்துலயா?"

"ஆமாங்க. தேங்காய் ஒடஞ்ச சத்தத்துல எல்லாம் மறந்துருச்சு."

வெளியே, விஜயதசமி தாண்டியும் சரக்கு கிடைக்காத ஆர்டர்காரன் அனுப்பிய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சுவாமிநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா ஆப்பரேட்டரு, மெஷினைப் போடு," என்றார்.

சத்தியபிரியாவுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன புள்ள மசமசன்னு நிக்கிறே, சோலியப் பாரு," என்றார் ஆண்டிச்சாமி. அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல்தடவை. பிறகு தன் பழைய லேத்துக்குப் போய் அதைப் போட்டார்.