பூட்டின் பச்சைச் சட்டை

நோவா பெல்மிராவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கதவு தெரியாது. ஆனால் நெல்சி ப்ரெசோலினின் கொடியில் என்ன காய்கிறது என்பது மட்டும் ஊருக்கே தெரியும். நீலச் சட்டைகள் வரிசையாகத் தொங்கினால் பூட்டுக்காரர்கள் ஆடி முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வென்றார்களா தோற்றார்களா என்பதை அவள் துணி பிழிகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பார்கள் அண்டை வீட்டார். அதெல்லாம் சும்மா அளப்பது. அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் பிழிவாள்.

பூட்டுக்காரர்கள் என்பது ஊரின் ஃபுட்சால், அதாவது உள்ளரங்கக் கால்பந்து அணி. இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள், தொலைக்காட்சியில்கூட வருகிறார்கள். ஆரம்பித்தது என்னவோ பூட்டுத் தொழிற்சாலையின் சரக்கறையில்தான். மலைமேல் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் வெளியே பந்தாடினால் சேறு பாதி, நடுக்கம் பாதி. அதனால் சாப்பாட்டு மணி அடித்ததும் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று, அதிகம் துள்ளாத அந்தக் கனத்த பந்தை உதைப்பார்கள். கோல் காக்கும் கோலியாக நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. சிமென்ட் தரையில் விழுந்து எழுந்தால் முட்டி என்ன ஆவது? விழத் துணிந்தவன் மெருகுப் பிரிவில் வேலை பார்த்த அடெலார் ஒருவன்தான். பந்து அவனைத் தாண்டிப் போகாது. ஆகவே 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று பாதிரியாரே வாய் தவறி "பூட்டு, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறாயா" என்று கேட்டுவிட்டதாக ஒரு கதை உண்டு. நெல்சி அதை மறுப்பாள். மறுக்கும்போது சிரிப்பாள்.

அவளும் அதே தொழிற்சாலையில் பூட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள். அணிக்கு முதன்முதலாகச் சட்டை எடுத்தபோது ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் பாதிச் சட்டைகள் துவைக்காமலே திரும்பி வந்தன.

"எல்லாத்தையும் கழட்டி இங்க போடுங்கடா. பன்னித்தொட்டி தேவலாம்" என்றாள்.

அன்றைக்குப் போட்டார்கள். இன்றுவரை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவளை யாரும் அந்த வேலைக்கு நியமிக்கவில்லை.

முதலாளி மரத்தரை போட்டு ஓர் அரங்கம் கட்டித் தந்தார். அணி மாநிலத் தொடருக்குப் போனது. வடக்கே வெயில் ஊர்களிலிருந்து சம்பளத்துக்கு ஆட்டக்காரர்கள் வந்து பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கம்பளிக் காலுறை தேடிக் கொடுத்தவளும், சுடச்சுடப் பொலெந்தா என்னும் சோளக் கூழும் கசப்புத் தேநீரான ஷிமாரோன் குவளையும் கையில் திணித்தவளும் நெல்சிதான். இந்த நாட்டு வழக்கப்படி அத்தனை பேருக்கும் அவள் அத்தையானாள். ஒரு வருஷம் மாநிலக் கோப்பையும் வந்து சேர்ந்தது. இறுதி ஆட்டத்தில் அடெலார் புத்தம்புதுப் பச்சைச் சட்டையில் நின்றான். தொழிற்சாலையின் பூட்டுப் பெட்டிகளுக்கு அடிக்கும் அதே பச்சை. அதற்குப் பிறகு முக்கியமான ஆட்டம் என்றால் பச்சையைத்தான் கேட்பான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன உத்தி வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி, கடைசி நேரத்தில் கோலியை வெளியே அழைத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரனை இறக்கும். ஐந்து பேரும் முன்னேறித் தாக்கலாம், ஆனால் பின்னால் கோல் திறந்து கிடக்கும். அப்படி இறங்குகிறவன் கோலியின் நிறத்தில்தான் சட்டை போட வேண்டும். முதுகில் மட்டும் அவனுடைய சொந்த எண் தெரிய வேண்டும். எவன் இறங்குவான் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? ஆளுக்கொன்று தைத்து வைக்க முடியுமா? ஆகவே சின்ன அணிகளெல்லாம் செய்ததையே நெல்சியும் செய்தாள். அடெலாரின் பழைய மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து, முதுகிலிருந்த எண்ணை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு சன்னல் வைத்தாள். எவன் மேலே மாட்டிக்கொண்டாலும் உள்ளே இருக்கும் எண் சன்னல் வழியாகத் தெரியும்.

அடெலார் அதைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தான்.

"என் முதுகுலதான் ஓட்ட போடணும்னு கங்கணம் கட்டிக்கிட்டியா?"

"பழைய சட்டைதான?"

"பழசோ புதுசோ, என்னோடது. என்னை வெளிய தள்ளுறதுக்கு என் பொண்டாட்டியே கத்திரிக்கோலோட நிக்கிறா. ஊரு சிரிக்காது?"

"தோத்தா மட்டும் சிரிக்காதாக்கும்."

"சொந்த வீட்டத் தொறந்து போட்டுட்டு அடுத்தவன் வீட்டுக்குத் திருடப் போறவன எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ? அதான் இது." பிறகு குரல் இறங்கியது. "அந்தப் பச்சைய மட்டும் தொட்றாத நெல்சி. எங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

"உங்கம்மா மேலயா? அது பெரிய கஷ்டமா எனக்கு?" என்று சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி. அந்தப் பச்சையில என் கத்திரி படாது. போதுமா?"

அதன்பின் பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிடும்போதெல்லாம் பெஞ்சில் தலைமேல் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கோல் விழுந்ததா என்று ஆரவாரத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வான்.

அவன் ஆட்டத்தில் சாகவில்லை. ஒரு திங்கட்கிழமை, தொழிற்சாலையில் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவன் அப்படியே சரிந்தான். இதயம். வயது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. திங்கள்தான் நெல்சி துணி துவைக்கும் நாள். செய்தி வந்தபோது நீலச் சட்டைகள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை அவன் போட்டிருந்த பச்சை மட்டும் இன்னும் அவனுடைய பையில் இருந்தது. நீலத்தை அடுத்த வீட்டுப் பெண்கள் அலசிக் காயப்போட்டார்கள். பையை யாரும் திறக்கவில்லை.

அந்தச் சட்டையை அவள் துவைக்கவே இல்லை. அவளை மரியாதையாக 'டோனா' என்றே அழைக்கும் கிளப் தலைவர் ஜென்ட்டில் வந்து, அரங்க வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து அதில் மாட்டலாம் என்று கேட்டபோது, "இப்படியேதான் மாட்டணும். சோப்பு படக்கூடாது" என்று ஒரே நிபந்தனை வைத்தாள். பெட்டிக்கு அடெலார் மெருகு போட்ட பூட்டு. சாவி அவள் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில். ஊரார் துணியெல்லாம் வெளுத்தவள் புருஷன் சட்டையை மட்டும் அழுக்கோடு வைத்திருக்கிறாள் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். அவன் வாசனை அந்த நூலில் இருக்கிறது என்று அவள் நம்பினாள். பெட்டியைத் திறந்தால் போய்விடும் என்று பயந்து, ஒருநாளும் திறக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. எங்கிருந்தோ மலிவுப் பூட்டுகள் கப்பலேறி வந்தன, தொழிற்சாலை மூடிக்கொண்டது. பூட்டே இல்லாத ஊரில் பூட்டுக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நகராட்சி கொஞ்சம் கொடுத்தது, ஆனால் அணி முதல் பிரிவில் இருக்கும்வரைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டது. செலவைச் சுருக்க இரண்டாவது கோலியையும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷத் தொடரின் கடைசிச் சனிக்கிழமை ஆட்டத்தில் சமன் செய்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் கீழே போக வேண்டும். கீழே போனால் கிளப்பே இல்லை. ஊரில் பேக்கரிக்காரன் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் இது தெரியும்.

ஆட்ட நாளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி அணி மதியமே வந்துவிடும். இரு பக்கத்து உடுப்புக்காரர்களும் ஒரே ஷிமாரோன் குவளையை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டு, சட்டைகளை விரித்து நிறம் மோதுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அன்று மலைப்பாதையில் பனி அடைத்துக்கொண்டது. விருந்தாளிகள் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். குவளை ஆறிப்போயிருந்தது. வழக்கமாக வெள்ளையில் வருகிறவர்கள் அன்றைக்குப் பார்த்து மஞ்சளில் நின்றார்கள், மாற்று உடுப்பும் கொண்டுவரவில்லை. பூட்டுக்காரர்களின் கோலியும் மஞ்சளில் நிற்பதை நடுவர் கைகாட்ட, நெல்சி அலமாரியைக் குடைந்து, மிச்சமிருந்த ஒரே பச்சைச் சட்டையைக் கோலி ருவானுக்கு மாட்டிவிட்டாள். அந்த அவசரத்தில் சன்னல் வைத்த சட்டை மஞ்சள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாம் பாதியின் முடிவு நெருங்கும்போது மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தார்கள். பயிற்சியாளர் வோல்நெய் ஒரு நிமிட இடைவேளை கேட்டார்.

"கோலி வேணாம். அஞ்சு பேரும் மேல ஏறுவோம். ஜார்டெல், நீ போடு. அத்தை, சட்டை!"

நெல்சி சன்னல் சட்டையை நீட்டியதும் மேசை நடுவர் தலையை ஆட்டினார். "எதிரணி மஞ்சள், அம்மா. ருவான் பச்சை. பச்சையிலதான் வரணும்."

அவள் ருவானின் முதுகைப் பார்த்தாள். ருவானுடையதை வெட்டலாமா? பந்து எதிரணியிடம் போனதும் ஜார்டெல் ஓடிவந்து உட்கார, ருவான் ஓடி உள்ளே போயாக வேண்டும். நடுவே சட்டை கழற்றி மாட்ட எவன் விடுவான்? வோல்நெய் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஆட்டக்காரர்கள் எல்லோரும் தண்ணீர் குடிப்பதில் மும்முரமானார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மாட்டேன் என்றிருப்பாளோ என்னவோ.

கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜென்ட்டில் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வேணாம் டோனா நெல்சி. தோத்தாத் தோத்துட்டுப் போறோம். அது பூட்டோட சட்டை."

"தோத்துட்டு எங்க போவீங்க? அப்புறம் இந்தப் பெட்டிய யாரு வாசல்ல வெப்பீங்க? தள்ளுங்க."

சாவி திரும்பியது. சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். தூசு. பழைய துணி. வேறொன்றும் இல்லை. இத்தனை வருஷமாக அவள் காவல் காத்தது வெறும் தூசைத்தான். அவன் எப்போதோ போய்விட்டிருந்தான். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.

"கோச்சுக்காத அடெலார். கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. வந்து கேளு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, ஒன்று என்ற எண்ணைச் சுற்றி வெட்டினாள். துணி சட்டென்று அறுபட்டது. வெட்டிய துண்டை மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஜார்டெலுக்கு அது தோளில் தொங்கியது. அடெலார் ஆகிருதியான ஆள். முதுகுச் சன்னலில் ஜார்டெலின் ஏழு தெரிந்தது. நடுவர் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். ஐந்து பேரும் மேலே ஏறினார்கள். பின்னால் கோல் வாய் பிளந்து கிடந்தது. நெல்சியால் பார்க்க முடியவில்லை. பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகுதான் யார் அப்படி உட்கார்வான் என்பது நினைவுக்கு வந்தது. துண்டுக்கு வெளியே காலணிகள் கிறீச்சிட்டன. யாரோ "விடாத!" என்று அலறினார்கள். பிறகு மரப்பலகை இருக்கைகளெல்லாம் அதிரும் ஆரவாரம்.

மூன்றுக்கு மூன்று. ஜார்டெல் கொடுத்த பந்தை இன்னொருவன் தட்டிவிட்டிருந்தான். அதோடு ருவான் உள்ளே ஓடினான், முடியும்வரை அவனைத் தாண்டி எதுவும் போகவில்லை.

கொண்டாட்டம் அடங்கியபின் ஜார்டெல் சட்டையை மடித்து, கோயிலில் காணிக்கை கொடுக்கிறவன் போல இரண்டு கையாலும் நீட்டினான். ஜென்ட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பக் கண்ணாடிக்குள்ள வெச்சிருவோம் டோனா. ஓட்டையோட இப்ப இன்னும் மதிப்பு."

நெல்சி சட்டையை வாங்கி மறுபடியும் முகத்தில் வைத்தாள். இந்த முறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேர்வை, தைலம், உயிரோடு ஓடிய ஒருவனின் நாற்றம். ஆட்டம் முடிந்து வீடு வரும் அடெலாரின் பை இப்படித்தான் நாறும். அவள் அழுதாள். எல்லோரும் பார்க்கவே அழுதாள்.

"நாறுது" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தோய்க்கணும்."

"இதையுமா அத்தை?" ஜார்டெல் பதறினான்.

"ஆடுன சட்டைய அழுக்கோடயா மாட்டி வெப்பாங்க? போடு பைக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தாள். திங்களன்று தொட்டியில் நீலச் சட்டைகளோடு பச்சையையும் ஊறவைத்தாள். மதியத்தில் பனி விலகி வெயில் வந்தது. கொடியில் நீலங்களுக்கு நடுவே அது தொங்கியது, முதுகுச் சன்னல் வழியே எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. நின்று பார்த்துவிட்டு நெல்சி கையைத் துடைத்துக்கொண்டாள். அடெலார் செத்த திங்கட்கிழமையின் துணியில் துவைக்காமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.