சொந்த ஊரில் அறை தேடிய ஒன்பது நாட்கள்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிற பதினொரு பேரும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாமாரும் என் அம்மாவும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஒரு ஆள் காட்டினால் போதும், எனக்கு முன்னால் அது சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த வருடம் உங்களில் இரண்டு குடும்பம் இலங்கையில் தாங்களே கார் ஓட்டிப் போகப் போவதாகச் சொன்னீர்கள். எங்கே தங்கலாம் என்று என்னிடம் கேட்டீர்கள். அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். இப்போது நேரம் அதிகாலை மூன்றே கால். கல்லடியில் ஒரு விடுதி, நான்காம் இலக்க அறை. அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருக்கிறேன். ஏன் கதவடியில் என்று பிறகு சொல்கிறேன்.

ஓகஸ்ட் விடுமுறையில் வந்தோம். கட்டுநாயக்கவில் சின்னக் கார் ஒன்று, நாளுக்கு 9,500 ரூபாய். நாளுக்கு நூறு கிலோமீற்றர் அதற்குள் அடக்கம், மிஞ்சினால் கிலோமீற்றருக்கு அறுபது. உள்ளூரில் ஓட்ட அனுமதிப் பத்திரம் வேண்டும், அப்பா அதை முன்பே எடுத்து வைத்திருந்தார். பத்து வருடம் வலப்பக்கம் ஓட்டிய கை, முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னலுக்குப் பதிலாக மழைத் துடைப்பானைப் போட்டது.

முதல் இரவு நீர்கொழும்பு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, தம்புள்ளை, ஹபரண, பொலன்னறுவை வழியாக ஏறாவூருக்கு வர மாலை மூன்று பத்து ஆனது. சாப்பாட்டு நிறுத்தம் எல்லாம் சேர்த்து 290 கிலோமீற்றர். வெலிக்கந்தையை ஐந்து மணிக்கு முன் தாண்டிவிடுங்கள். இருட்டினால் யானை வீதிக்கு வரும். எங்கள் மாவட்டத்துச் சித்தாண்டியைத் தாண்டும்போது அம்மா யன்னலை இறக்கினார். குளிரூட்டி ஓடுகிறது என்று அப்பா முறைத்தார். அம்மா ஏற்றவில்லை.

எங்கள் ஊர் களுதாவளை. மட்டக்களப்பு நகரத்திலிருந்து தெற்கே 27 கிலோமீற்றர். அங்கே அம்மாவின் வீடு இருக்கிறது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவள் என்று அது அம்மாவுக்கு வந்தது. வெளிநாடு போகும்போது வீட்டுத் திறப்பைத் தங்கையின் கையில் கொடுத்தார். அந்தத் தங்கைதான் என் சின்னம்மா, இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறா. எட்டு வயது வரை அவவின் சைக்கிள் கரியரில்தான் பள்ளிக்கூடம் போனேன். "காலை அகட்டி வை கிளி, சில்லுக்க போயிடும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவா. இப்போதும் ட்ராமில் இருக்கும்போது என் கால் தானாக அகலும்.

மூன்று வருடத்துக்கு முன் சின்னம்மா தன் மகளின் கலியாணத்தை வைத்தா. எங்கள் விடுமுறைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி அம்மா கேட்டார். மாப்பிள்ளைக்குக் கட்டார் வேலையில் முப்பது நாள்தான் லீவு, தள்ள முடியவில்லை. "இனி உன்ட படி மிதிக்க மாட்டன்" என்றார் அம்மா. "படி உன்டதான், மிதிச்சா என்ன மிதிக்காட்டி என்ன" என்றா சின்னம்மா. அதோடு போன் நின்றது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சமைக்கும்போது சின்னம்மாவின் குரல் எங்கள் குசினியில் ஓடிக்கொண்டிருக்கும். கறிக்கு உப்புப் போட்டாயா என்று அங்கிருந்து கேட்பா. இப்போது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றை இழுக்கும் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான்.

ஆகவே சொந்த வீடு இருக்கும் இடத்தில் நாங்கள் அறை தேடினோம்.

ஏறாவூரில் கடைக்கு மேல் மாடி அறை, 6,500 ரூபாய். சுத்தம், தண்ணீர் நல்லது, கார் வளவுக்குள் நிற்கும். உரிமையாளர் வயதான முஸ்லிம் ஐயா. எந்த ஊர் என்று கேட்டார். அம்மா கொழும்பு என்றார். உடனேயே அப்பாவிடம் திரும்பி, "இதால கிறுகி உள்ளுக்கு விடுங்க" என்றார், காரைக் காட்டி.

திரும்புவதைக் 'கிறுகுவது' என்பது எங்கள் மட்டக்களப்புப் பேச்சு. அந்த ஐயா சிரித்தார். "கொழும்பில எந்தத் தெருவில தங்கச்சி கிறுகுறாங்க?"

"நானா, அறையைக் காட்டுங்க" என்றார் அம்மா, முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் கூப்பிடுகிறபடியே.

அன்று பின்னேரம் தேநீர் கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். அம்மா திடுக்கிட்டுக் கையிலிருந்த துவாயைப் போட்டுவிட்டார். பிறகு எனக்குச் சொன்னார்: பிரச்சினை, அதாவது போர், நடந்த காலத்தில் கதவு தட்டப்பட்டால் வீட்டில் எல்லோரும் மூச்சை அடக்குவார்களாம். அதனால் அக்காவும் தங்கையும் கதவைத் தட்டுவதற்குத் தங்களுக்கென்று ஒரு விதம் வைத்திருந்தார்கள். இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. அது கேட்டால் 'ஆர்' என்று கேட்கத் தேவையில்லை. சொல்லிவிட்டு அம்மா தேநீரை ஆற விட்டுவிட்டார்.

இரண்டு இரவுக்குப் பிறகு வாவிக்குப் பக்கத்தில் தங்க ஆசைப்பட்டுக் கல்லடிக்கு வந்தோம். இணையத்தில் பார்த்த வீடு ஒன்று, 7,000 ரூபாய், முன்னால் மாமரம். வீட்டுக்காரப் பெண்மணி பாஸ்போர்ட்டைப் பார்த்தா, பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தா.

"களுதாவளையா புள்ள? முகம் சொல்லுது. ஆர்ட மகள்?"

அம்மாவால் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னார்.

"அப்ப வெத்திலைத் தோட்டத்து வீட்டு மூத்தவளா? உன்ட தங்கச்சி போன மாதமும் இதால வந்தாளே! அவள் அங்க இருக்க, உனக்கு நான் அறை தாறதா? ஏலா."

"காசு தாறம்தானே அக்கா" என்றார் அப்பா.

"காசுக்கு என்ன தம்பி, ஆரும் தருவாங்க. நாளைக்கு அவள் வந்து, அக்காவை வாடகைக்கு வச்சியாமே எண்டு கேட்டா நான் எங்க முகத்தை வைக்கிற?"

தேநீர் தந்தா, ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தா. அறை தரவில்லை. அன்றிரவு வேறு வழியில்லாமல் 35 கிலோமீற்றர் திரும்ப ஓடிப் பாசிக்குடாவில் 28,000 ரூபாய்க்குப் படுத்தோம். கடல் அழகு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் அங்கே விலை வேறு, முதலே கேளுங்கள். மறுநாள் நகரத்தில் எடுத்த அறையிலும் இதே கதை. பத்து மணிக்குப் பையை வைத்தோம், பன்னிரண்டுக்குக் காசைத் திருப்பித் தந்தார் உரிமையாளர். அவருடைய மனைவி எங்களுக்குப் பக்கத்து ஊராம்.

கடைசியில் கிடைத்தது இந்த விடுதி. 8,000 ரூபாய், குளிரூட்டி சேர்த்து. உரிமையாளர் பதுளைக்காரர், அவருக்கு இங்கே யாருடைய மகளையும் தெரியாது. ஐந்து நாளாக நிம்மதி என்கிறார் அப்பா.

ஏழாம் நாள் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்துவிட்டு வரும்போது, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வரும் இடத்தில் அப்பா வேகத்தைக் குறைத்து சிக்னலைப் போட்டார். இந்தத் தடவை சரியான சிக்னல்.

"நேர போங்க" என்றார் அம்மா.

அப்பா நேரே போனார். சிக்னலை நிறுத்த மறந்துவிட்டார். அடுத்த ஊர் வரை அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. நிறுத்தச் சொல்லி அம்மாவும் சொல்லவில்லை. அவருடைய தலை ஒழுங்கைப் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

இப்போது சொல்கிறேன். நேற்றுப் பின்னேரம் நான்கு மணிக்கு, அம்மா குளிக்கும்போது, அவருடைய போனில் சின்னம்மாவின் இலக்கத்தை எடுத்து என் போனிலிருந்து வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். விடுதியின் பெயர், அறை இலக்கம், 'காலை ஆறரைக்குப் போகிறோம், இரவு விமானம்.' என் பெயரையும் போட்டேன். நான்கு இருபதுக்கு இரண்டு நீலக் கோடு வந்தது, வாசித்துவிட்டா. பதில் வரவில்லை.

பயமாக இருக்கிறது. சின்னம்மா வராவிட்டால், நாங்கள் ஐந்து நாள் பக்கத்தில் படுத்துவிட்டுச் சொல்லாமல் போனோம் என்பது அவவுக்கு என்றைக்கும் தெரிந்திருக்கும். அதைத் தெரியவைத்தவள் நான். வந்து இருவரும் இந்த வாசலில் சண்டை பிடித்தால் அதுவும் என்னால்தான். அம்மா என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் கதவடியில் இருக்கிறேன். கால்சத்தம் கேட்டால் முதலில் நானே திறந்து மெல்லப் பேசலாம் என்று நினைத்தேன்.

நேரம் ஐந்து பத்து. களுதாவளையிலிருந்து முதல் பஸ் நாலரைக்கு என்று விடுதிக்காரர் சொன்னார். நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். அறை எடுக்குமுன் குளியலறையைப் பாருங்கள். நுளம்பு வலை ஓட்டையா என்று விரித்துப் பாருங்கள். குளிரூட்டிக்குத் தனிக்காசா என்று கேளுங்கள். கார் வெளியே நிற்கிற இடம் வேண்டாம். இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் நாளே அவர்கள் வாசலில் காரை நிறுத்துங்கள். கோபமாக இருந்தாலும் நிறுத்துங்கள். அறை கிடைத்தாலும் தூக்கம் வராது. அம்மா இந்த ஐந்து இரவும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தார். தூங்குவதுபோல் மூச்சு விடுவார், ஆனால்

வெளியே ஓட்டோ ஒன்று நின்றது. செருப்புச் சத்தம் வருகிறது. எழும்ப வேண்டும், என் கால் மரத்துப்போய்

என் முதுகில் இரண்டு தட்டு.

பிறகு ஒன்று.

அம்மா எழும்பிவிட்டார். 'ஆர்' என்று கேட்கவில்லை. நேரே கதவுக்கு